ஒத்தைக் கையில் வந்த அம்மா

என் நைட்டிகள் எல்லாவற்றுக்கும் வலது பக்கம் மட்டும்தான் கை உண்டு. இடது பக்கத்தைத் தோளோடு கத்தரித்துவிட்டேன். முதல் நைட்டியை வெட்டியபோது எங்கள் காம்பவுண்டில் எலி கடித்துவிட்டது என்று நினைத்துப் பரிதாபப்பட்டார்கள். நாலாவதை வெட்டியபோது பேஷன் என்றார்கள். கடைசியில் பழகிவிட்டார்கள். கொடியில் காயும் ஒற்றைக் கை நைட்டியைப் பார்த்து யாருடையது என்று இப்போது ஒருவரும் கேட்பதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழை நாளில் கம்பெனி பஸ் படியில் வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்டார்கள், எலும்பு அழகாகச் சேர்ந்தது, கட்டைப் பிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் கூத்தே ஆரம்பித்தது. ஒரு கிலோ பச்சை மிளகாயை வெறும் கையால் நறுக்கினால் ஓர் எரிச்சல் வருமே, அது தோலுக்கு மேலே இல்லாமல் உள்ளே, விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு மேல் வரைக்கும். மின்விசிறிக் காற்று பட்டால் எரியும். துணி உரசினால் எரியும். ஒரு ஈ வந்து உட்கார்ந்தால் நான் எழுந்து குதிப்பேன், ஈயும் பயந்து போகும்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அதற்கு ஆங்கிலத்தில் நாலு வார்த்தையில் ஒரு பெயர் சொன்னார். புறநகர் ரயிலில் கும்மிடிப்பூண்டி வந்து சேர்வதற்குள் அதில் இரண்டு வார்த்தைகளை எங்கேயோ தவறவிட்டுவிட்டேன். ஆனால் அவர் தமிழில் சொன்னதை மறக்கவில்லை. "எலும்பு சேந்துடுச்சும்மா. உன் நரம்புதான் அதை இன்னும் நம்ப மாட்டேங்குது." எனக்கு அந்த டாக்டரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. என் நரம்பு எலும்பை நம்பவில்லை, என் மனிதர்கள் என்னை நம்பவில்லை. என் வாழ்க்கையே ஒரு வரியில் வந்துவிட்டது.

நம்பாததற்கு அவர்களையும் குறை சொல்ல முடியாது. இந்த வலி ஒழுங்காக வந்து போகிற வலி இல்லை. சிப்காட்டில் நான் வேலை செய்யும் பிளாஸ்டிக் மூடி கம்பெனிக்காவது ஷிப்டு உண்டு, இதற்கு அதுவும் கிடையாது. இரண்டு நாள் என்னைச் சுட்டுப் பொசுக்கிவிட்டு மூன்றாம் நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போய்விடும். கண் விழித்ததும் புடவை முந்தானையை எடுத்துக் கையில் மெல்லத் தடவிப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை என்றால், அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியாது. மாவு அரைப்பேன். பெட்ஷீட்டெல்லாம் துவைத்து முறுக்கிப் பிழிவேன். ஸ்டூல் மேல் ஏறிப் பரணைத் துடைப்பேன். ஒரு முறை இப்படித்தான் கிறுக்குப் பிடித்து, பஸ் மாறி மாறித் திருவள்ளூர் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டேன். அங்கே குளத்தில் வெல்லம் கரைத்தால் உடம்பில் இருக்கும் நோவும் கரையும் என்று சொல்வார்கள். படியில் உட்கார்ந்து வெல்லப் பொட்டலத்தைப் பிரித்தேன். கை ஜில்லென்று சுகமாக இருந்தது. எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோய்ப் பாதி வெல்லத்தை நானே தின்றுவிட்டேன். திரும்பும் பஸ்ஸில் பெரியபாளையம் தாண்டும்போது கை மறுபடி பற்றிக்கொண்டது. பெருமாள் கணக்குப் பார்த்துப் பாதிதான் கரைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியும்? நேற்று பெட்ஷீட் பிழிந்தவள் இன்று தம்ளரைத் தூக்க மாட்டேன் என்கிறாள். என் வீட்டுக்காரர் நம்பினார். ஆனால் அவர் எதையும் நம்புகிறவர். ரயிலில் விற்கும் கரப்பான்பூச்சி மருந்தையே நம்பி வாங்கி வருகிறவர் நம்பி என்ன பயன்? என்னை நம்பவேண்டியவர் ஒரே ஒருத்தர்தான். வீட்டுக்காரரின் அக்கா, என் நாத்தனார்.

நாத்தனார் அதே காம்பவுண்டில் எங்களுக்கு அடுத்த வீடு. புருஷன் இல்லாமல் ஒற்றை ஆளாக ஒரு பெண்ணை வளர்த்துப் படிக்க வைத்தவள். சிப்காட்டில் ஒரு கேன்டீனில் சமைக்கிறாள். நூறு பேருக்குச் சாம்பார் தாளிக்கிற கை, வாயும் அதே அளவுக்குத் தாளிக்கும். நான் கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருக்கும்போதெல்லாம் வாசலில் வந்து நிற்பாள்.

"நேத்து நல்லாதானே இருந்தே? பெட்ஷீட்ட முறுக்கி முறுக்கிப் புழிஞ்சிக்கினு இருந்தே. இன்னிக்கி இன்னா திடீர்னு? யார்கிட்ட கதை வுடுற?"

"இன்னிக்கி எரியுது அண்ணி."

"எனக்கும்தான் வயிறு எரியுது. படுத்துக்கினா கீறேன்?"

காம்பவுண்டில் எனக்கு நடிகை என்று பட்டம் வைத்தது அவள்தான். கோபம் வராதா? வரும். அதே வாயால் அவள் தன் பெண் கையில் எனக்குக் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்புவாள், நானும் கோபத்தோடேயே சாப்பிட்டு முடிப்பேன்.

இந்தச் சித்திரையில் ஒரு வியாழக்கிழமை. கம்பெனியில் இருக்கும்போதே கை சூடேற ஆரம்பித்தது. பஸ்ஸில் வரும்போது கொதித்தது. வீட்டுக்கு வந்து சிமென்ட் தரையில் விழுந்தபோது எரிவது கையா, உடம்பா, கும்மிடிப்பூண்டியா என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "எரியுது, உடம்பெல்லாம் எரியுது" என்று அனத்திக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். என் கழுத்தெல்லாம் வேர்க்குரு. அவளுக்கு அது போதும்.

கண்ணைத் திறந்து பார்த்தால் வாசல் நிலையில் ஒரு கத்தை வேப்பிலை தொங்குகிறது. எதிர்வீட்டுப் பெண் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் அம்மை விஷயத்தில் எங்கள் காம்பவுண்டில் யாரும் மதம் பார்ப்பதில்லை. ஜெபம் ஒரு பக்கம் நடக்கும், வேப்பிலை ஒரு பக்கம் தொங்கும்.

"இது அம்மை இல்லம்மா, கைதான் எரியுது" என்றேன்.

"ஐயோ, அப்டி சொல்லாதக்கா! வந்துருக்கிற அம்மாவ இல்லன்னா கோச்சிக்குவா" என்று எனக்கும் சேர்த்துத் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

என் வீட்டுக்காரரிடமும் அதையே சொன்னேன். அவர்தான் எதையும் நம்புகிறவராயிற்றே! வேப்பிலையைப் பார்த்ததும் நம்பிவிட்டார். பாயைச் சுருட்டிக்கொண்டு, தான் ஓட்டும் வேனிலேயே படுத்துக்கொள்ளப் போய்விட்டார்.

எங்களுடையது வரிசை வீடுகள். ஒரே வராந்தா, ஒரே குழாய், ஒரு வீட்டில் பூண்டு உரித்தால் கடைசி வீட்டில் தும்முவார்கள். அதனால் ஒரு வீட்டில் அம்மா வந்தால் எல்லா வீட்டுக்கும் வந்த மாதிரி. தாளிக்கக் கூடாது. கவிச்சி ஆகாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது. அன்று ராத்திரி காம்பவுண்டு முழுக்க மோர்ச்சோறு. வறுவல் இல்லாமல் சோறு இறங்காத ஆண்பிள்ளைகள் என் வீட்டுப் பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. அம்மாவை யார் திட்டுவது?

அதற்குப் பிறகு எனக்கு நடந்த மரியாதையை நான் எப்படிச் சொல்வேன்! இளநீர் வந்தது. நுங்கு வந்தது. கேழ்வரகுக் கூழ் வந்தது. குழந்தைகள் வராந்தாவில் ஓடினால் "உஷ், அம்மா தூங்குறா" என்று அதட்டினார்கள். விசிறியைப் போடாதீர்கள் என்று மூன்று வருஷமாகக் கெஞ்சியிருக்கிறேன், இப்போது கேட்காமலே நிறுத்தினார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, என் நாத்தனார். அம்மை கண்டவர்களை அம்மாவாகவே நினைத்து மரியாதையாகப் பேச வேண்டும் என்பது வழக்கம். மூன்று வருஷமாக என்னை நடிகை என்றவள் கையில் சொம்போடு வாசலில் நின்று, தலையைக் குனிந்து, "தாயே, கொஞ்சம் மோரு குடிங்க தாயே" என்றாள்.

எனக்கு வந்த சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்துக்கொண்டேன். உடம்பு குலுங்கியது. அதைப் பார்த்து அம்மாவுக்கு உக்கிரம் ஏறிவிட்டது என்று இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

சிரித்து முடிந்ததும் அழுகை வந்தது. மூன்று வருஷமாக எரிகிறது, எரிகிறது என்று வாய் விட்டுச் சொன்னவள் நான். ஒருத்தரும் நம்பவில்லை. ஒரு கத்தை வேப்பிலை சொன்னதும் எல்லோரும் நம்பிவிட்டார்கள். ஆனாலும் என்ன, நம்பினார்களே! எரிகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய சுகம் தெரியுமா? கை எரிந்துகொண்டேதான் இருந்தது, நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அந்தச் சந்தோஷத்துக்கு வேட்டு வந்தது. நாத்தனாரின் பெண் ஜன்னல் அருகே வந்து நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது.

"அத்தை, ஞாயித்துக்கெழம ஆர்.கே.பேட்டைலேர்ந்து பொண்ணு பாக்க வராங்க இல்ல? அம்மா வந்த எடத்துக்கு எப்டி வருவாங்க? அவங்க பெரியபாளையத்தம்மன் பக்தருங்க. ஏற்கெனவே ஒரு வாட்டி தள்ளிப்போச்சு. இன்னொரு வாட்டி தள்ளினா சகுனம் சரியில்லன்னு வுட்டுடுவாங்களாம்."

"உனக்குப் பையனைப் புடிச்சிருக்கா?"

தலையை ஆட்டினாள். போட்டோ பார்த்து, போனில் பேசி, எல்லாம் ஆகியிருக்கிறது. நான்தான் வேப்பிலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நடுவில் படுத்திருக்கிறேன்.

சும்மா வேப்பிலையைக் கழற்றி எறிந்துவிட முடியாது. முத்து இறங்கிவிட்டதா என்று அனுபவப்பட்ட ஒருத்தர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒற்றைப்படை நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்புறம்தான் கட்டு விலகும். காம்பவுண்டில் பாதிக் குழந்தைகளுக்கு அம்மை பார்த்தவள் என் நாத்தனார்தான். சனிக்கிழமை மூன்றாம் நாள். அவள் வந்து பார்த்து, ஒரு முத்துகூட இல்லை என்று சொன்னால் அவள் பெண்ணைப் பார்க்க வருவார்கள். எனக்கு நடிகைப் பட்டம் நிரந்தரம். இந்தத் தடவை மனிதர்களை மட்டுமில்லை, அம்மாவையே ஏமாற்றியவள் ஆகிவிடுவேன்.

ராத்திரி முழுக்க யோசித்தேன் என்று சொன்னால் பொய். அந்தப் பெண்ணின் வீங்கிய கண்ணைப் பார்த்த உடனேயே முடிவு பண்ணிவிட்டேன். மரியாதைதான் போகட்டும், நுங்காவது சாப்பிட்டாயிற்று.

சனிக்கிழமை விடிந்ததும் நாத்தனார் டார்ச் லைட்டோடு உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, இது அம்மை இல்ல. மொதல்லேர்ந்தே சொல்றேன். நல்லா பாருங்க" என்றேன்.

 கழுத்தில் லைட் அடித்தாள். "வேக்குரு" என்று முணுமுணுத்தாள். முதுகு, வயிறு, கால் எல்லாம் பார்த்தாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. இதோ வெடிக்கப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். என் வலது கையை எடுத்துப் பார்த்தாள், கீழே வைத்தாள். இடது கையை எடுத்தாள்.

நான் போட்ட அலறலில் டார்ச் லைட் உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று.

அவள் பின்னால் நகர்ந்தாள். பிறகு குனிந்து உட்கார்ந்து, தொடாமல், தோசைக்கல்லில் சூடு பார்ப்பதுபோல என் கைக்கு மேலே தன் உள்ளங்கையை நிறுத்தினாள். கேன்டீன் சமையல்காரிக்குச் சூடு தெரியாதா? அடுத்து வலது கைக்கு மேலே. மறுபடி இடது. இடது கை செக்கச்செவேலென்று வீங்கிப் பளபளத்தது, அதில் மட்டும் முத்து முத்தாக வியர்வை. மூன்று வருஷமாக அவள் வாசலிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இன்னாடி இது?" என்றாள் மெதுவாக. "ஒரு கை கொதிக்குது, ஒரு கை சும்மா கீது. அம்மா ஒத்தைக் கையிலயா வருவா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிறுத்தவே முடியவில்லை. அவளுக்கும் உதடு துடித்தது, கடைசியில் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்.

"எத்தினி நாளா இப்டி கீது?"

"மூணு வருசமா சொல்லிக்கினுதானே கீறேன் அண்ணி."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்தாள். டார்ச் லைட்டை எடுக்காமலே வெளியே போனாள். போச்சு, எல்லாரிடமும் சொல்லப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். வராந்தாவில் அவள் குரல் கணீரென்று கேட்டது.

"அம்மா எறங்கிட்டா! இன்னிக்கே தண்ணி ஊத்திடலாம். வெய்யில்ல அண்டா வைங்க!"

எனக்கு நடிகைப் பட்டம் கொடுத்தவள் அன்று நடித்த நடிப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் வெயிலில் காய்ந்தது.  அந்தக் கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தாலும் நெருப்புப் பொறி விழுந்த மாதிரி இருக்கும். அவளிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் வீட்டிலிருந்து ஒரு குடையோடு வந்தாள். பெரிய கறுப்புக் குடை. பாத்ரூமில் என்னை உட்காரவைத்து, இடது கையை மட்டும் கதவுக்கு வெளியே நீட்டச் சொன்னாள். தண்ணீர் தெறிக்காமல் கைக்கும் உடம்புக்கும் நடுவே குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் என் தலையில் தண்ணீர் ஊற்றினாள். வெளியே காம்பவுண்டுப் பெண்கள் பார்ப்பதெல்லாம் ஒரு குடை, அதற்கு இந்தப் பக்கம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை.

"யக்கா, இன்னாத்துக்குக் கொடை?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்.

"அம்மா பொறப்பட்டுப் போறா. சாமி பொறப்பாட்டுக்குக் கொடை புடிக்க மாட்டாங்களா? தெரியாட்டி சும்மா கீ!"

பெண்கள் குலவையிட்டார்கள். நான் குடைக்குப் பின்னால் மூச்சுமுட்டச் சிரித்ததில் வேப்பந்தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. கையில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.

ஆர்.கே.பேட்டைக்குப் போன் போயிற்று. தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்றதும் பையனின் அம்மா, "அம்மா வந்து ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போன ஊடு, அவசியம் வரோம்" என்றாளாம். நாத்தனாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கண் விழித்தேன். முந்தானையைக் கையில் தடவினேன். ஒன்றும் இல்லை! தட்டிப் பார்த்தேன். கிள்ளிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை! பச்சைக் குழந்தையின் கை மாதிரி இருந்தது. அப்புறம் என்ன, வாசல் முழுக்கப் படிக்கோலம் போட்டேன், கேசரி கிண்டினேன், நாற்காலிகளைத் தூக்கிப் போட்டேன். மூன்று நாள் அடங்கிக் கிடந்த காம்பவுண்டில் அத்தனை அடுப்பிலும் கடுகு வெடித்தது. இருந்தாலும் என் கையை நம்ப முடியாது. அதனால் பட்டுப் புடவைக்கு, வெட்டப்பட்ட ஒற்றைக் கை ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டேன். வளையலும் வலது கையில் மட்டும்தான்.

வந்தார்கள். பையன் வெட்கப்பட்டான், பெண் வெட்கப்படவில்லை. எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது. பையனின் அம்மா ஒரு பையைப் பிரித்தாள். பெரியபாளையத்தில் அம்மன் காலடியில் வைத்துக் கொண்டுவந்த கண்ணாடி வளையல்கள். பெண்ணுக்குப் போட்டாள், நாத்தனாரை விட்டுவிட்டு வீட்டுச் சுமங்கலிகளுக்கு ஒவ்வொருத்தராகப் போட்டுக்கொண்டே என்னிடம் வந்தாள். என் இடது கையைப் பார்த்து நின்றாள்.

"இன்னாம்மா இது, ஒரு கை மூளியா கீது? நல்ல நாளும் அதுவுமா? குடு" என்று என் கையைப் பிடிக்கக் குனிந்தாள்.

நான் சிரித்துக்கொண்டே கையை நீட்டிவிட்டேன். அன்றுதான் எரியவில்லையே! அம்மன் வளையல், சம்பந்தியம்மா போடுகிறாள், நீட்டாமல் என்ன செய்வது?

"அந்தக் கையத் தொடாதீங்க!"

நாத்தனார். மூலையில் ஒதுங்கி நின்றவள் நடுக்கூடத்துக்கு வந்துவிட்டாள். கூடம் அப்படியே நின்றுபோயிற்று. அவள் பெண் அவளைப் பார்த்த பார்வையில் உயிரே இல்லை. பையனின் அம்மா வளையலைப் பிடித்த கையோடு நிமிர்ந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அவளுக்கு அந்தக் கைல நரம்பு எரிச்சல். அம்மாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. மூணு வருசமா கீது. ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. பாத்தா தெரியாது. நல்லாதானே கீறான்னு தோணும்." என் பக்கம் திரும்பினாள். "எனக்கே தோணுச்சு. ஆனா நெசம்."

பையனின் அம்மா என் கையைப் பார்த்தாள், நாத்தனாரைப் பார்த்தாள். நான் நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நீட்டவும் தெரியாமல் வைத்திருந்தேன். பிறகு அந்தம்மா, "அதுக்கு இன்னா? ரெண்டையும் இந்தக் கையிலயே போட்டுக்கோம்மா" என்று வலது கையில் இரண்டு வளையல்களையும் ஏற்றிவிட்டு, கேசரி கேட்டாள். கூடம் மறுபடி மூச்சு விட்டது. அடுத்த மாதம் தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேசி முடித்துக்கொண்டு போனார்கள்.

பாத்திரம் கழுவும்போது எனக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். இன்னிக்கி கை எரியவே இல்ல."

அவள் அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். காலைலேர்ந்து ரெண்டு கையாலயும் நாற்காலி தூக்கினே. பாத்துக்கினுதான் இருந்தேன்."

"அப்பறம் ஏன் அப்டி சொன்னீங்க? சம்பந்தமே போயிருக்குமே!"

"எரியாட்டி இன்னா? எரியற கைதானே அது" என்றாள். அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, நான் தேய்த்துக்கொண்டிருந்த இரும்புச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.